நாரி நோ இடம்மாறிய விபரம்

சுபியானின் நாரி நோ, அதாவது இடுப்பு வலி, இப்போது பர்ஸான் முதலாளியிடம் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த விதத்தைக் கல்முனையில் ஆளுக்காள் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். நோ இடம்மாறியது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அது லேசுப்பட்ட நோ அல்ல. லொறியிலிருந்து மில்லுக்கு நெல் மூடை, மில்லிலிருந்து லொறிக்கு அரிசி மூடை என்று இளந்தாரிக் காலம் முழுக்கச் சுமந்து சம்பாதித்தது. சுபியான் காலையில் எழும்பினால் நாரி கூடவே எழும்பாது. ஆளைப் பாதியில் வளைத்து நிறுத்திவிட்டு, எழும்புவதா வேண்டாமா என்று யோசிக்கும். இருமினால் குத்தும், தும்மினால் வெட்டும். சிரிப்பு வந்தால் சுபியான் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்வார், அதன் பிறகுதான் சிரிப்பார். இதெல்லாம் மூடை தூக்குகிற எவனுக்கும் உள்ளதுதான் என்று அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான் இருந்தது. தொழுகையில் அவரால் சுஜூதுக்குக் குனிய முடியவில்லை. பள்ளியின் ஓரத்தில் கதிரை போட்டுத் தொழுகிற வயோதிபர்களின் வரிசையில், மயிர் ஒன்றுகூட நரைக்காத சுபியானும் ஒரு கதிரையில் இருந்து தொழுதார். ஊரார் எல்லாருடைய நெற்றியும் நிலத்தில் கிடக்கும் நேரத்தில் அவர் மட்டும் காற்றுக்குத் தலையாட்டுவார். பக்கத்துக் கதிரைக்காரர் ஒருநாள் சலாம் கொடுத்த கையோடு கேட்டார்: "எப்ப மகன் பென்சன் எடுத்த?" சுபியான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்து பெண்சாதி அப்னாவிடம், சாகுமுதல் ஒரு தரமாவது நெற்றியை நிலத்தில் வைக்க வேண்டும் என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்த வருடந்தான் அரசாங்கமும் ஆலைக்காரர்களும் கைகோத்தார்கள். அக்கரைப்பற்றில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தொழிலாளியின் பாதுகாப்பும் சுகமும் இரு தரப்பினதும் பொறுப்பு என்று தீர்மானமாகி, கேக் வெட்டி, படம் பிடித்தார்கள். மில்லுக்கு ஒரு தொகுதிப் பாதுகாப்புச் சாமான் வாங்குவது ஆலைக்காரர் பங்கு. மில் மில்லாகப் போய்ப் பார்ப்பது அரசாங்கத்தின் பங்கு. ஆலைக்காரர் சங்கத்துக்கு அப்போது பர்ஸான்தான் தலைவர். சங்கம் கூடி ஆலோசித்தது. கந்தூரிச் சோறாக்கப் பள்ளிக் கிடாரம் தெருத் தெருவாகப் போய்வருகிறது, ஆளுக்கொரு கிடாரம் யார் வாங்குகிறார்கள்? அதே மாதிரி கரையோரத்து மில் எல்லாவற்றுக்கும் ஒரு தொகுதி போதும் என்று முடிவானது. மஞ்சள் ஹெல்மட் கொஞ்சம், முழங்கால் அளவு சப்பாத்து கொஞ்சம், மூடை தூக்குகிறவன் நாரியில் இறுக்கிக் கட்டுகிற அகலமான பட்டி ஒன்று, இரண்டு கன்னத்திலும் வட்டப் பெட்டி வைத்த றப்பர் முகமூடி ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் போட்டு, பாண்டிருப்பைச் சேர்ந்த வினோஜின் ஓட்டோவில் ஏற்றினார்கள். கந்தோர் ஐயா எந்த மில்லுக்குப் போகிறாரோ அந்த மில்லுக்கு வினோஜ் முந்திப் போய்விட வேண்டும் என்பது ஒழுங்கு.

கந்தோர் ஐயா என்றால் காரைதீவுக் கனகரெத்தினம், அரசாங்கக் கந்தோரின் பாதுகாப்பு உத்தியோகத்தர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் கந்தோர் ஜீப் கராஜில் கிடந்தது. ஆகவே அவரும் வினோஜின் ஓட்டோவைத்தான் பிடித்தார். பின் சீற்றில் பெட்டி இருந்தபடியால் பெட்டியின் மேல் இருந்து போனார். மில் வாசலில் வினோஜ் மரியாதையாகச் சொல்வான்: "சேர், கொஞ்சம் எழும்புங்க, ஹெல்மட் எடுக்கோணும்." கனகரெத்தினம் எழும்பி, வாசலுக்குப் புறங்காட்டி, எல்லாரும் போட்டு முடியும்வரை றோட்டில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு திரும்பி, "ஆ, எல்லாரும் போட்டிருக்கிறீங்க, நல்லம்" என்பார். பிளேன்டீயும் பனிசும் வரும். அரசாங்கமும் ஆலையும் இப்படி ஒத்துழைத்ததை அதற்கு முன் அந்தக் கரையில் யாரும் கண்டதில்லை.

நற்பிட்டிமுனை றோட்டில் இருந்த பர்ஸான் முதலாளியின் மில்லுக்குச் சோதனை வந்த நாளில் பட்டி சுபியானுக்கு விழுந்தது, முகமூடி சபியா உம்மாவுக்கு விழுந்தது. சபியா உம்மா தவிட்டு அறையைக் கூட்டுகிறவர். ஜன்னல் இல்லாத அந்த அறையில் தவிட்டுத் தூசியைக் குடித்துக் குடித்து அவருடைய நெஞ்சில் ஒரு இருமல் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. அவர் வேலைக்கு வந்துவிட்டாரா என்பதை இருமலைக் கேட்டுத்தான் மற்றவர்கள் அறிவார்கள். சோதனை முடிந்தது. வினோஜ் சாமான்களைச் சேர்த்தான். சுபியான் பட்டியைக் கழற்றினார். நனைந்த சாரன் இடுப்பிலிருந்து கழன்று விழுவது போல, பட்டியோடு சேர்ந்து நோவும் கழன்று போனது. சபியா உம்மா முகமூடியைக் கழற்றினார். அவருடைய இருமல் முகமூடிக்குள்ளே இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. வினோஜ் இரண்டையும் பெட்டியில் போட்டு மூடி, கந்தோர் ஐயாவை அதன்மேல் ஏற்றிக்கொண்டு அடுத்த மில்லுக்குப் போனான்.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குச் சுபியான் கதிரையைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றார். நெற்றி நிலத்தில் பட்டது. இமாம் எழும்பிய பிறகும் அவர் எழும்பவில்லை. ஆள் மௌத்தாகிவிட்டாரோ என்று பக்கத்தில் நின்றவர் தொழுகை முடிந்ததும் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

பட்டி அத்தோடு நிற்கவில்லை. சாய்ந்தமருதிலும், சொறிக்கல்முனைப் பக்கத்திலும், எங்கெங்கே மூடை தூக்குகிறவன் அதைக் கட்டிக் கழற்றினானோ அங்கெல்லாம் அவனுடைய நோவை வாங்கிக்கொண்டது. நோவும் தண்ணீர் மாதிரித்தான். நிறைந்த வயலிலிருந்து காய்ந்த வயலுக்குத்தான் இறங்கும். கட்டியவர்கள் எல்லாரும் நிறைந்த வயலாக இருந்தபடியால் பட்டிக்கு இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. பெட்டி நாளுக்கு நாள் பாரமாகி வருகிறது, ஓட்டோ மேட்டில் இழுக்குதில்லை என்று வினோஜ் சங்கத்திடம் முறைப்பாடு செய்தான். கந்தோர் ஐயா உடம்பு வைத்துவிட்டார் என்று சங்கம் பதில் சொன்னது.

பிறகு விருது வந்தது. ஒத்துழைப்பில் முன்மாதிரியான பிரதேசம் என்று மேலிடத்திலிருந்து ஒரு கேடயம். பர்ஸான் முதலாளியின் மில் வாசலில் பந்தல் போட்டார்கள். படத்துக்கு ஒரு வடிவாக இருக்கட்டும் என்று படம் பிடிக்க வந்தவன் சொன்னபடி, முதலாளி வெள்ளைச் சேட்டுக்கு மேல் பட்டியை இறுக்கிக் கட்டினார், கனகரெத்தினம் முகமூடியை மாட்டினார். வாழ்க்கையில் ஒரு மூடையும் தூக்காத நாரி ஒன்றும், தவிட்டு அறைக்குள் ஒரு நாளும் போகாத நெஞ்சு ஒன்றும் பட்டிக்கும் முகமூடிக்கும் அன்றுதான் கிடைத்தன. படத்தில் இருவரும் கைகுலுக்குகிறார்கள். முதலாளி இரண்டாய் மடிந்திருக்கிறார். பணிவு என்று மேலிடத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு இறங்கியது பழைய நோ. வாய்க்கால் ஒருமுறை வெட்டுப்பட்டால் தண்ணீர் தானாகவே வந்துகொண்டிருக்கும் என்பது அடுத்த நாள் காலையில் தெரிந்தது. லொறியிலிருந்து சுபியான் முதல் மூடையைத் தோளில் வைத்தார். பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. உள்ளே முதலாளியின் அறையிலிருந்து, "உம்மோ!" என்று ஒரு சத்தம் வந்தது. சுபியான் மூடையை இறக்கினார். சத்தம் நின்றது. தூக்கினார். சத்தம் வந்தது. லொறிக்காரன் இறங்கி வந்து, "இன்னொருக்கா தூக்குங்க பாப்பம்" என்றான். தூக்கினார். முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "டேய் சுபியான், கீழ வைடா அத! ஆர் உன்னத் தூக்கச் சொன்ன?"

"நீங்கதான் முதலாளி. இவ்வளவு காலமும்."

சபியா உம்மா தவிட்டு அறையில் விளக்குமாற்றை எடுத்த நேரங்களில் காரைதீவில் கனகரெத்தினம் இருமினார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், எக்ஸ்றே எடுத்தார், நெஞ்சு சுத்தம் என்றார்கள். கடைசியில் அவரே மில்லுக்கு வந்து தவிட்டு அறை வாசலில் நின்று, "அக்கா, கொஞ்சம் பைய கூட்டுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சபியா உம்மா தலைச் சீலையைச் சரிப்படுத்திக்கொண்டு, "நான் பையத்தான் கூட்டுறன் ஐயா, தவிடுதான் எழும்புது" என்றார். இருமாமல் கதைப்பது அவருக்கே இன்னும் புதினமாக இருந்தது.

பர்ஸான் முதலாளி அந்தப் போகம் முடியுமுன் மூடை ஏற்றும் மெசின் வாங்கினார். தன் மில்லுக்கு மட்டும் வாங்கிப் பிரயோசனமில்லை, சாய்ந்தமருதில் ஒருவன் தூக்கினாலும் அவருக்குத்தான் பிடித்தது. ஆகவே சங்கத்தைக் கூட்டி, ஊன்றுகோலால் மேசையில் அடித்து, எல்லா மில்லுக்கும் மெசின் போட வைத்தார். சட்டத்தால் நடக்காதது, கூட்டத்தால் நடக்காதது, ஒரு நாரியால் நடந்தது. மெசின் வந்த பிறகு புது நோ வரவில்லை. பழையது போகவுமில்லை. பள்ளியில் சுபியானின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. முதலாளி அதில் உட்கார்ந்தார். பக்கத்துக் கதிரைக்காரர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பணக்காரரிடம் பென்சன் பற்றிக் கேட்பதில்லை.

நோ திரும்பிப் போகிற வழியைக் காட்டியவர் சாய்ந்தமருதில் மூடை தூக்கிய ஒருவர். மகளின் கலியாணத்துக்குச் சங்கத் தலைவரும் வந்துவிட்டாரே என்ற சந்தோசத்தில் கட்டிப்பிடித்து, "உங்களில எனக்கொரு குறையுமில்ல, எல்லாம் பொருந்திட்டன்" என்று மன்னித்துச் சொல்லிவிட்டார். சகன் தட்டில் சோறு வைக்குமுன் அவருடைய நோ அவரிடம் திரும்பி வந்தது. மணமகளின் வாப்பா தன் வீட்டுக் கலியாணத்தில் படுத்தே கிடந்தார். முதலாளிக்கு ஓர் ஆளின் பாரம் குறைந்தது. அவர் வியாபாரி, கணக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த வாரமே, தான் உம்றாப் புனிதப் பயணம் போவதாக ஊருக்கு அறிவித்தார்.

உம்றாவுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பது வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றத்தைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்பார், வாசலில் நிற்பவர் பொருந்திவிட்டேன் என்பார். இல்லை என்று சொல்வது ஊரில் இல்லை. சொந்தக்காரரையும் அயலாரையும் விட்டுவிட்டு, மூடை தூக்குகிறவர்களின் வீடுகளை முதலாளி முதலில் தேடிப் போனார். செய்தி அவருக்கு முந்திப் போனது. சிலர் கடலுக்குப் போய்விட்டார்கள், சிலர் வயலுக்குப் போய்விட்டார்கள். வாழ்க்கையில் கடலையே பார்க்காத ஒருவர் தோணியில் ஏறிச் சத்தியெடுத்ததாகவும் சொல்கிறார்கள். சுபியான் மட்டும் எங்கும் போகவில்லை. அவருடைய நோதான் எல்லாவற்றிலும் பெரிது. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவருக்கு முகத்தை ஒளிப்பது சரியில்லை என்று வாசலில் நின்றார். ஆனால் அன்றைக்குக் காலையில் சுபஹுத் தொழுகையில், இதுதான் கடைசியோ என்று நினைத்து, சுஜூதில் நெடுநேரம் கிடந்துவிட்டு வந்திருந்தார்.

முதலாளி வந்தார். ஒருநாளும் இல்லாத மாதிரி 'நீங்க' போட்டுக் கதைத்தார். "சுபியான், நான் உம்றாவுக்குப் போறன். உங்களுக்கு ஏதும் குத்தம் செஞ்சிருந்தா பொருந்திக்கங்க."

உள்ளேயிருந்து அப்னா சட்டி மூடியை நிலத்தில் போட்டாள். அது உருண்டு அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"பொருந்தாம என்ன முதலாளி" என்றார் சுபியான். "ஏசினத்தப் பொருந்திட்டன். பெருநாளைக்கி லீவு தராதத்தப் பொருந்திட்டன். என்ட மகன்ட கத்னா விருந்துக்கி வாறண்டுட்டு வராம உட்டதயும் பொருந்திட்டன்."

முதலாளி ஊன்றுகோலை விட்டு நிமிரப் பார்த்தார். நிமிர முடியவில்லை. "நாரி?"

"அதுக்கு முன்னால ஒண்டு இரிக்கி. தவிட்டு அறைக்கி தூசிய இழுத்து வெளிய தள்ளுற விசிறி. மெசின் வாங்கின அண்டைக்கி அதும் வாங்குறண்டு எல்லாருக்கும் முன்னால சொன்ன நீங்க. அது சபியா உம்மாட ஹக்கு, அவட உரிமை. அது சுத்துற அண்டைக்கி, சுத்துற நிமிசமே, நோவோட சேத்து மிச்சம் எல்லாத்தையும் பொருந்திர்றன். அல்லாவுக்காகச் சொல்லுறன்."

"டேய், அது என்ட வேலையா? எனக்கா இருமல்?" முதலாளிக்கு 'நீங்க' மறந்துவிட்டது. "இருமுறது அரசாங்கம், வாங்குறது நானா? பாதிக் காசு கந்தோரால வரோணும். அதுதானே ஒத்துழைப்பு?"

"அது உங்கட ரெண்டு பேர்ட கத முதலாளி. நல்லபடியா போயிட்டு வாங்க. எங்களுக்கும் துஆக் கேளுங்க."

அவர் போன பிறகு அப்னா வெளியே வந்து, "விசிறி வந்திட்டா என்னகா செய்யிற?" என்று கேட்டாள்.

"வந்தா நோவத் திரும்பத் தூக்கித்தான் ஆகோணும், சொல்லிட்டன்" என்றார் சுபியான். "ஆனா அந்த மனிசன எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, சுவரைப் பிடிக்காமல் சிரித்தார்.

முதலாளி ஊன்றுகோலோடு உம்றாவுக்குப் போய், ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் மில்லில் எல்லாருக்கும் பங்கு வந்தன, கனகரெத்தினத்துக்கும் ஒரு போத்தல் போனது. பாதிக் காசு பற்றிக் கனகரெத்தினம் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார், பதில் வருமட்டும் இருமுகிறார். மாதத்துக்கொருமுறை இருவரும் தவிட்டு அறை வாசலில் சந்திக்கிறார்கள். ஒருவர் குனிந்து நிற்க, மற்றவர் இருமிக்கொண்டே விசிறிக்கு உரிய துளை எந்தச் சுவரில் வர வேண்டும் என்று காட்டுகிறார். சபியா உம்மா இருவரையும் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிறார். சுவரில் கரிக்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அந்த வட்டத்துக்குள் வர வேண்டிய விசிறி சபியா உம்மாவுக்கு இன்னும் பாக்கி.