பதினொரு மணி மாத்திரை

பதினொரு மணிக்குக் காசிராஜன் அண்ணாச்சி கைமணியை ஆட்டுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில், பிள்ளைகளின் பெஞ்சில் கால் மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் எல்லாரும் வாயைத் திறக்க வேண்டும். கூட வந்த பெண்டாட்டியோ மகனோ மாத்திரையை ஒரு வாய் பால்கோவாவுக்குள் வைத்து உள்ளே தள்ள வேண்டும். நடுக்குவாதச் சங்கத்தில் இதுதான் பூசை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

பால்கோவா அண்ணாச்சியுடையது. அதே ஊரில் அவருக்குக் கடை இருந்தது. மனைவி ஜெயபாய்க்கு நடுக்கம் கண்டு, மதுரை டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொல்லி அனுப்பிய பிறகு, ஊர் ஊராக விசாரித்து அதே நோய்க்காரர்களைத் திரட்டினார். அது தொண்ணூற்றிரண்டில். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் ஜெயபாய்க்குக் குமட்டியது. பால்கோவாவோடு கொடுத்தால் குமட்டவில்லை. அதிலிருந்து சங்கத்துக்கே பால்கோவா. மத்தியானம் ஆனதும் ஆட்கள் மரக்கட்டையாக விறைத்துப்போவார்கள். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று அண்ணாச்சி சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த மாதத்தில் நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஒருத்தி தன் புருசன் தானாகச் சட்டை பொத்தான் போட்டதைச் சொல்லி அழுவாள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். என் முறை வரும்போது ஒன்றும் இல்லை என்பேன். அங்கே என்னை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. அப்பா பால்கோவாவுக்காக வந்தார், நான் அப்பாவுக்காக வந்தேன்.

அப்பா மலைச்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். வீட்டிலும் ஹவில்தார்தான். நோயில் குரல் தேய்ந்த பிறகும் வைவது நிற்கவில்லை. கிட்டப் போய்க் காதைக் கொடுத்து வசவு வாங்க வேண்டியிருந்தது. அம்மா கிடையாது. அப்பா இரவில் எழுந்து நடந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். அதனால் மில்லில் நைட் ஷிஃப்டை விட்டேன். பகல் ஷிஃப்ட் கிடையாது என்றார்கள், மில்லையே விட்டேன். எங்கள் ஊர் ராஜபாளையத்தில் அப்பா சொல்லித் திரிந்தது வேறு: நான் மெஷின் பக்கத்தில் படுத்துத் தூங்கினேனாம், விரட்டிவிட்டார்களாம்.

தங்கச்சி முத்துப்பேச்சிக்கு அந்த வருடம் மூன்றாவதாக ஓர் இடம் வந்தது. முதல் இரண்டும் அப்பாவின் நடுக்கத்தைக் கேள்விப்பட்டுப் பாதியில் நின்றவை. குடும்ப நோய், பெண்ணுக்கும் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இப்போது வந்தவர்கள் கூமாப்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை போலீஸ். அவன் அப்பா தங்கச்சாமி வயல்காரர். அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஆனாலும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் தன் கையால் நிச்சயத் தட்டு மாற்றட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். சோதனைதான் அது. அப்பாவின் கையில்தான் பேச்சியின் கல்யாணம் இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். நல்லது ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றேன். அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே ஒரு தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வரவழைத்தார். அவர் சம்பந்தியாக நின்றார். பத்து மணிக்கு அப்பா தட்டைத் தூக்கிக் கொடுத்து, எதிர்த்தட்டைச் சிந்தாமல் வாங்கினார். கை தட்டினார்கள். பதினொரு மணிக்கு மாத்திரையும் பால்கோவாவும் ஆயிற்று. பன்னிரண்டுக்கு இன்னொரு தரம் பழகச் சொன்னார் அண்ணாச்சி. அப்பா தட்டைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. அண்ணாச்சி இழுத்தார், தட்டோடு அப்பாவும் சேர்ந்து முன்னால் சாய்ந்தார். விரல்கள் விளிம்பில் பூட்டிக்கொண்டு நின்றன. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இந்த நோயில் முகமும் விறைத்துவிடும். பார்க்கிறவனுக்கு, முறைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிற ஆள் மாதிரிதான் தெரியும்.

பின்னால் இருந்து பரிபூரணம் சிஸ்டர் எழுந்தார். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு நாலு மாதமாகத்தான் வருகிறார்.

"அண்ணாச்சி, நாலு கூட்டமா பாத்துட்டேன். பால்கோவா உள்ள போனா அந்த வேளை மாத்திரை வேலை செய்யல. பாலுல இருக்க சத்து மாத்திரைய மறிக்கும். எங்க டாக்டரும் அதத்தான் சொல்லுதாரு. பச்சத்தண்ணியில குடுத்துட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு தின்னச் சொல்லுங்க."

"என் பாலுல வெசம்னு சொல்லுதீய."

"வெசம்னு நான் சொல்லல."

"முப்பது வருசமா ஊரே திங்குது, ஒருத்தனும் செத்ததில்ல. பொண்டாட்டிய கெடுக்கதுக்கா நான் ஊட்டுதேன்?"

பேச்சு அங்கே நிற்கவில்லை. சிஸ்டரின் சாதியிலிருந்து ஆஸ்பத்திரிச் சம்பளம் வரைக்கும் போயிற்று. ஜெயபாய் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தார். அது யாருக்கும் கேட்கவில்லை, அண்ணாச்சிக்கும்தான். சட்டையைப் பிடித்துக் குனிய வைத்து என் காதில் அப்பா சொன்னார்: "அவளுக்குச் சுகர் இருக்குலே. நாம திங்கது பொறுக்கல." அதை உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் தம்பியைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வெளியே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார் அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து நான் சோதித்துப் பார்த்தேன். மாத்திரையை வெறும் தண்ணீரில் கொடுத்தேன், சாப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். முதல் நாள் என் மேலேயே வாந்தி எடுத்தார். மூன்று நாள் போனதும் குமட்டல் குறைந்தது. அவரே வேட்டி கட்டினார், வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டினார். தனக்குத் தேவலை என்று அவருக்கும் தெரிந்தது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "பெத்த அப்பன் வாயில இனிப்பு வைக்க மனசில்லாத பய" என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல குரல் வந்துவிட்டதால் இப்போது நாலு வீட்டுக்குக் கேட்டது.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். காலை மாத்திரையை நானே கொடுத்தேன். கூமாப்பட்டிக்காரர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னதால் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி, ஜெயபாயையும் ஒரு தூக்குச்சட்டி பால்கோவாவையும் கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் அழைக்கவில்லை. சங்கம் கூட நிற்க வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

பதினொன்றைத் தாண்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கடைவாயில் பால்கோவா ஒட்டியிருந்தது. நடந்ததை அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்: பேச்சி உள்ளே தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்து, கரண்டியால் டம்ளரைத் தட்டினார். அப்பா வாயைத் திறந்தார்.

அண்ணாச்சியை ஓரமாக இழுத்துக் கேட்டேன், எதில் கொடுத்தீர்கள் என்று.

"நல்ல காரியம் நடக்க வீட்டுல பச்சத்தண்ணியிலயா குடுப்பாக? முழுசா ரெண்டு கரண்டி குடுத்திருக்கேன். போய் ஆக வேண்டியதப் பாரு."

ஆக வேண்டியது ஒன்றும் என் கையில் இல்லை. பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தங்கச்சாமி தன் தட்டை நீட்டினார்: பட்டுச்சேலை, பூ, பழம். அதைச் சொந்தக்காரர் ஒருவர் அப்பாவுக்காக வாங்கிக்கொண்டார். அப்பா எங்கள் தட்டை நீட்டினார். நீட்டுவது வரைக்கும் கை வந்தது. தங்கச்சாமி அந்தப் பக்கம் பிடித்தார், இழுத்தார். தட்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். தேங்காய் உருண்டு விழுந்தது. அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைகூட ஆடவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்றார். "ஏன்யா, குடுக்க மனசில்லாம எதுக்கு ஆளக் கூப்பிட்டீரு? பொண்ணத் தரமாட்டேன்னு தட்டப் பிடிச்சிக்கிட்டு மொறைக்கீரு?"

நோய் என்று சொன்னால் சோதனையில் தோற்றோம். நோய் இல்லை என்றால் அவமானப்படுத்தினோம். நான் எதைச் சொல்வது என்று நிற்கும்போதே பேச்சி அறையிலிருந்து வந்தாள். கூப்பிடாமல் பெண் சபைக்கு வரக்கூடாது, வந்தாள். அப்பாவின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டை விரலுக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. தட்டைத் தங்கச்சாமி கையில் வைத்தாள்.

"அவிய கையி விடாது. சீக்கு அது. நான் விட்டுட்டேன், வாங்கிக்கோங்க."

தங்கச்சாமி வாங்கிக்கொண்டார். பெண்ணைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அப்பாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்தன்னைக்கு இவர வீட்டோட வச்சிரும். மண்டபத்துப் பக்கம் கொண்டாராதீரு. எங்க சனம் பாத்தா ஆயிரம் பேசும். தாரை வாக்கது நீரே வாத்துக்கிடும்."

நான் சரி என்றேன். மூன்றாவது இடம். நல்ல வேலை பார்க்கிற மாப்பிள்ளை. அப்பா மேடையில் நின்று ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அப்பாவை அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். அவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, மாமன்காரர் இரண்டு தரம் ரசம் வாங்கினார். ஒரு ஓரத்தில் ஜெயபாய் விறைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்ணாச்சி பந்தியில் பால்கோவா பரிமாறிக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஏலே, செருப்பு எங்கலே?"

போய்ப் பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். பால் வழிவிட்டு, பதினொரு மணி மாத்திரை இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுத் தட்டு, சேலையும் பூவும் கலையாமல், அவள் மடியில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவருக்குக் கை வரட்டும் என்று அவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறாள்.

"நடப்பீயளா அய்யா?"

"நடப்பேன்."

"அப்ப வாங்க. இத அவிய கையில குடுத்துட்டு வருவோம்."

நான் வாசலை மறித்தேன். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? இதையும் விட்டா உனக்கு வேற எடம் வராது."

"வராட்டி போகுது. சரின்னு சொன்னது நீதான? என்னைய யாரு கேட்டா?"

அப்பா என்னைத் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். பல வருடமாக அந்தத் தோளுக்கு அவ்வளவு பலம் இருந்ததில்லை. பெரிய எட்டு வைத்துத் தெருவில் நடந்தார். தட்டு அவர் கையில், பேச்சி ஒரு பக்கம். நானும் பின்னால் போனேன், அண்ணாச்சியும் கரண்டியோடு வந்தார்.

பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. சைக்கிள் கடை நிழலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். அப்பா நடந்து வருவதைப் பார்த்துத் தங்கச்சாமி கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அப்பா அவருக்கு முன்னால் நேராக நின்று தட்டை நீட்டினார்.

"உங்க தட்டு. பிடியும்."

தங்கச்சாமி தன்னை அறியாமல் பிடித்தார். அப்பா இரண்டு கையையும் எடுத்தார். எடுத்த கைகளைத் திருப்பி அவர் முகத்துக்கு முன்னால் காட்டினார்.

"விட்டுட்டேன் பாத்தீரா? கையி நல்லா விடுது. இப்ப சொல்லுதேன், என் பொண்ணு உங்க வீட்டுக்கு வரமாட்டா."

தாய்மாமன் அடிக்க வந்தார். சைக்கிள் கடைக்காரர் நடுவில் விழுந்து தடுத்தார். அந்தக் கூச்சலில் பேச்சி அவர்களுடைய பையிலிருந்து எங்கள் தட்டை எடுத்துக்கொண்டாள். தேங்காயையும் பழத்தையும் அங்கேயே வைத்துவிட்டாள், தட்டை மட்டும் எடுத்தாள்.

அண்ணாச்சி கூச்சலைக் கவனிக்கவில்லை. அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குத் திரும்பியவர், ஜெயபாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் மணி அடித்தது. பெஞ்சில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. பரிபூரணம் சிஸ்டரைக் கூப்பிட ஆள் அனுப்பவும் இல்லை. அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அப்பா என்னைத்தான் வைதார். தாரை வார்க்க ஒத்துக்கொண்ட நாய் என்றார், நைட் ஷிஃப்ட் பார்க்க வக்கில்லாதவன் என்றார். எதிரே வந்தவர்கள் நின்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பேச்சி தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்தாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டை விரல் மறுபடியும் ஆட ஆரம்பித்திருந்தது.

"பால்கோவா மிச்சம் இருக்காலே?"

இல்லை என்றேன். தூக்குச்சட்டியில் பாதிக்கு மேல் இருந்தது.