ஆயுசு முடிந்த சாட்டிலைட்

பூந்தமல்லியில் அப்போது தெருவுக்கு ஒரு கேபிள்காரன். எங்கள் தெருவுக்கு என் வீட்டுக்காரர் மனோகரன். மொட்டைமாடியில் பெரிய டிஷ் வைத்திருந்தார். ஒரு பழைய சாட்டிலைட்டோடு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எரிபொருள் தீரும் நிலைக்கு வந்து, நின்ற இடத்தில் நிற்காமல் அது ஆடிக்கொண்டிருந்தது. அவர் மேலே டிஷ்ஷை நகர்த்தி நகர்த்தி, "வந்துச்சா?" என்பார். நான் கீழே டிவி முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்" என்று கத்துவேன். என்னைக் கட்டிக்கொண்டதே இதற்குத்தான் போல.

அதில் வந்த அரபு நாட்டுச் சேனலைப் பார்த்தது எதிர்வீட்டு வஹீதுன்னிசா பாயம்மா மட்டும்தான். அவர் மகன் சுலைமான் குவைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். அங்கே சண்டை வந்த வருஷத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. நிகழ்ச்சிகளுக்கு நடுவே அந்தச் சேனல் ஒரே துறைமுகக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடும். அதில் மூட்டை தூக்கிப் போகிற ஒருவனின் முதுகு தெரியும். அது தன் மகன்தான் என்று பாயம்மா சாதித்தார். மத்தியானமானால் சோற்றுத் தட்டோடு அந்த முதுகின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய அண்ணன் உஸ்மான் கனி ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்து, "பையனுக்கு பாத்திஹா ஓதிடலாம்மா" என்று கெஞ்சுவார். "உசுரோட கீறவனுக்கு எவனாச்சும் ஓதுவானா?" என்று பாயம்மா விரட்டிவிடுவார்.

ஒருநாள் அந்த சாட்டிலைட்டை நிறுத்தப் போவதாக என் வீட்டுக்காரர் சொன்னார்.

"கீழ வுழுந்துடுமா?" என்றேன்.

"வுழாது. இன்னும் மேல தள்ளிவுட்டு, எல்லாத்தையும் அணைச்சுடுவாங்க. பொணமா சுத்திகினே கெடக்கும்."

அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பாயம்மாவிடம் சொல்ல இருவருக்கும் மனசு வரவில்லை. அந்தக் காட்சியை என் வீட்டுக்காரர் முன்கூட்டியே வீடியோ கேசட்டில் பிடித்துவைத்து, சாட்டிலைட் செத்த பிறகு மத்தியானம் தோறும் அதே சேனலில் ஓட்டினார். நல்லது செய்வதாக நினைப்பு. கூறுகெட்ட வேலை.

ஐப்பசி மழையில் கேசட் நாடா சிக்கித் துண்டுதுண்டாக அறுந்தது. சென்னீர்குப்பத்தில் ஒயர் இழுக்க வேண்டும் என்று மனுஷன் நழுவிவிட்டார். உண்மையைச் சொல்ல நான்தான் போனேன்.

பாயம்மா வீட்டு டிவியில் வெறும் புள்ளிகளும் இரைச்சலும். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"அதுல ஒண்ணும் வராது பாயம்மா, நாங்க..."

கைகாட்டி நிறுத்தினார். "இப்பத்தான் மூட்டைய எறக்கி வெச்சான், புஷ்பா. திரும்பி என்னப் பாத்தான்."

எங்கள் கேசட்டில் அவன் ஒருநாளும் திரும்பியதில்லை. அந்தப் புள்ளிகளுக்குள் எனக்கும் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயந்து சுவரைப் பார்த்தேன்.

"சுலைமான் இல்ல," என்றார் பாயம்மா. "ஒட்டின கன்னம், வேற மூஞ்சி. யார் பெத்த புள்ளயோ. இத்தினி வருசமா என்னுதுன்னு புடிச்சு வெச்சுகினு கீறேன். அவன் அம்மா எங்க தேடிகினு கீறாளோ."

கேசட் கதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"அண்ணனுக்கு ஆள் அனுப்பு. என் புள்ளைக்கு ஓதிடலாம்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியை அணைக்க எனக்குக் கை வரவில்லை.