நாலாவது ஆள்

என் குதிகாலில் தோல் உரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உரித்தவள் பிச்சம்மாள். மிதித்த இடத்திலேயே மறுபடியும் மிதித்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவளுக்குக் காலில் புண் இருந்தால் எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியாதா?

புது ஹார்பர் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெயிலில் உப்பின் கூச்சத்தால் கண் கெடுகிற உப்பளத்து ஆட்களுக்காக ஒரு கண் வார்டு கட்டப்போவதாகச் சொல்லி, ஊர்ப் பெரிய மனிதர்கள் நிதி நடை வைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை இருபத்தைந்து மைல். அளத்துக்கு நாலு பெண்கள். எங்கள் அளத்தில் நான், பிச்சம்மாள், வடிவம்மாள், தங்கத்தாய்.

தினமும் சாயங்காலம் ஹார்பர் ரோட்டில் நடந்து பழகினோம். பழக்கியவர் கமிட்டி செகரட்டரி கிருபாநிதி சார். நாசரேத்துக்காரர், நடப்பது நாங்கள், அவர் சைக்கிளில்.

"ஒருத்தி பின்னால ஒருத்தியாப் போகாதிய! பேனரப் பிடிச்சுக்கிட்டு நாலு பேரும் பக்கத்துல பக்கத்துல வாங்க!" என்று விசில் ஊதுவார்.

எங்களுக்கு அது லேசில் வரவில்லை. அளத்து வரப்பு ஒரு முழ அகலம்கூட இருக்காது. தலையில் உப்புப் பெட்டி, முன்னால் போகிறவளின் காலைப் பார்த்தபடி ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். பக்கத்தில் பார்க்கவே மாட்டோம். ஆனாலும் ஒரு வாரத்தில் நாங்கள் மூன்று பேரும் பழகிவிட்டோம். பிச்சம்மாள் மட்டும் பேனரை விட்டுவிட்டு என் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வாள். உடனே குதிகாலில் ஒரு மிதி.

"ஏளா, உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினேன்.

"பாத்துப் போறேன்ளா" என்றாள். மறு நிமிஷம் மறுபடி மிதித்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்கிற புத்தி கிடையாது. நேரே செகரட்டரியிடம் போனேன். "சார், பிச்சம்மா நடை சரியில்ல. வேற ஆளப் போடுங்க" என்றேன்.

"டாக்டர வச்சுப் பாத்துருவோம்" என்றார் அவர்.

நடைக்கு முந்தின நாள் டாக்டர் அளத்துக்கே வந்தார். முதலில் கால்களைப் பார்த்தார். பிச்சம்மாள் காலில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவள் முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினார்.

"எத்தனைம்மா?"

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "மூணு" என்றாள்.

பக்கத்தில் நின்ற கங்காணி வெள்ளத்துரை சிரித்தான். "பாதிக் குருடா இருந்துக்கிட்டுத்தான் வரப்புல சொமந்தியா? திங்கக்கிழமையிலருந்து வேலைக்கு வராத."

செகரட்டரி நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு சீனித்தாய் பெயரை எழுதினார். கண் வார்டுக்கு நடக்கிற நடையில் கண் போனவளுக்கு இடமில்லை. பத்திக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அவர்களிடம் போய்ச் சொன்னவளே நான்தானே.

பிச்சம்மாள் அழவில்லை. "பத்து மாசமா உன் காலு போன வழியிலதான் நானும் போனேன். உன் காலு ஒண்ணுதான் எனக்கு மங்கலாத் தெரியும். உன்னத்தான்ளா நம்புனேன்" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஊரக் கூட்டிருப்ப."

மறுநாள் நடந்தேன். பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி என்று வழியெல்லாம் கைதட்டினார்கள், மோர் கொடுத்தார்கள். வாங்கிக் குடிக்கவில்லை. சீனித்தாய் "மெதுவாளா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். அவள் மீதும் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

திருச்செந்தூரில் மேடை போட்டிருந்தார்கள். எங்கள் அளத்து முதலாளி மாலையோடு நின்றார். மற்ற மூவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். என் முறை வந்தது. நான் குனியவில்லை.

"பிச்சம்மாளத் திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க அண்ணாச்சி. பொறவு குனியுதேன்."

மைக் பக்கத்தில் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். செகரட்டரி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். "அவ கண்ணுக்குத்தான நடந்தோம்? அவள விரட்டிட்டு வார்டு கட்டி யாரப் படுக்கப் போடப் போறிய?"

முதலாளிக்கு முகம் கறுத்தது. கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "சரி, வரட்டும். சாக்குத் தைக்கட்டும்" என்றார். அதன் பிறகுதான் குனிந்தேன்.

பிச்சம்மாள் திங்கட்கிழமை வந்தாள். கொட்டகையில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவிச் சாக்கு வாய் தைக்கிறாள். தையல் நேராகத்தான் விழுகிறது. வடிவம்மாளோடு பேசுகிறாள், சீனித்தாயோடு சிரிக்கிறாள். நான் போய் நின்றால் மட்டும் ஊசி நின்றுவிடுகிறது, நான் நகர்கிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. ஆறு மாதமாக இதே கதை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை வாய் நிறையத் திட்டித் தொலைக்கக் கூடாதா அவள்?