பதினோரு நிமிடம்

ரோச் அந்தப் பெட்டியை மீன் வாங்கும் பையில் போட்டுக்கொண்டு மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்திருந்தார். பெட்டி செய்யும் கம்பெனியின் அலுவலகத்தில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே ஸஹ்லாவின் மேசைக்குப் போய்ப் பையை வைத்தார்.

“இந்தாம்மா, ஒங்க பொட்டி. மத்த வள்ளக்காரங்களும் கொண்டாந்து குடுத்துருவாங்க. நாப்பதையும் எண்ணி எடுத்துக்கிடுங்க.”

ஸஹ்லா காயல்பட்டினத்துப் பெண். இரண்டு வருஷமாக அவளுக்குச் சோறும் தூக்கமும் அவள் நிரல் எழுதிய அந்தப் பெட்டிதான். டிபன் பாக்ஸ் அளவு. அதற்குள் நகத்தளவில் ஒரு கம்ப்யூட்டர். மீன்பிடி வள்ளத்தில் மாட்டிவிட்டால் காற்று எப்படி, அலை எப்படி என்று வாய்விட்டுச் சொல்லும். ஆபத்தென்றால் மேலே இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். போனுக்கு டவர் எட்டாத கடலிலிருந்தும் கரைக்குச் செய்தி போய்விடும். மணப்பாட்டில் நாற்பது வள்ளங்களைச் சம்மதிக்க வைத்தவரே ரோச்தான். அவர் வேண்டாமென்றால் மற்ற முப்பத்தொன்பது பேரும் பெட்டி இல்லாமல்தான் கடலுக்குப் போவார்கள்.

“என்ன அண்ணாச்சி ஆச்சு?”

“திங்கக்கிழம வெள்ளன நானும் எந்தம்பி மெல்வினும் போயிருந்தோம். ஒம்பது மைலு. வலக்கயிறு மோட்டார் விசிறியில சுத்திக்கிட்டு. மெயின் சுவிச்ச அமத்துனா பொட்டியும் அமந்துரும். அமத்திட்டு மெல்வின் கைய விட்டு எடுத்தான். அல தூக்கி அடிச்சதுல கயிறு இறுக்கி, வலது கையில ரெண்டு விரலு போயிட்டு. நான் துண்டச் சுத்திக் கெட்டுதேன், அவன் இடது கையால சுவிச்சப் போட்டுப் பொத்தான அமுக்குதான். ஒங்க பொட்டி என்ன சொல்லிச்சு தெரியுமா? ‘புதிய வசதிகள் ஏற்றப்படுகின்றன, தயவுசெய்து காத்திருக்கவும்.’”

“எவ்வளவு நேரம்?”

“பதினோரு நிமிசம். பெறவுதான் பொத்தான் வேல செஞ்சிச்சு, கரையிலேருந்து படகு வந்திச்சு. அதுவரைக்கும் அந்தக் கொரலு சொல்லிக்கிட்டே இருந்திச்சும்மா.”

அந்தக் குரல் ஸஹ்லாவுடையது. வெளியாளைக் கூப்பிட்டுப் பேச வைத்தால் நாளாகுமென்று அவளே பேசிப் பதிவு செய்தது. ரோச் அதைக் கண்டுபிடித்தாரோ என்னவோ. பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகி உள்ளே பதிவாகியிருந்ததைப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது சுட்டது. கோளாறு எதுவுமே இல்லை. அவள் எழுதிவைத்தபடியே பெட்டி அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது.

பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் எது முதலில் எழ வேண்டும், அதன் பின்னால் எது என்று ஒரு வரிசை உண்டு. அதற்குத்தான் பூட் என்று பேர். ஸஹ்லா போட்ட வரிசையில் முதலில் கம்பெனியின் சின்னம், பிறகு குரல், பிறகு கடல் வரைபடம், மீன் விலை, கடைசியாகச் சிவப்புப் பொத்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், புதிய பேக்கேஜ், அதாவது கரையிலிருந்து அனுப்பும் புது நிரல், ஏதும் வந்து காத்திருந்தால் அதை ஏற்றி முடிக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனால் அலுவலக மேசையில் அது அழகாக ஓடியது. மேசைக்கு அலையா அடிக்கிறது?

புதிய பேக்கேஜ்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏற்றும்படி வைத்தவளும் அவள்தான். மணப்பாட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், கோயிலுக்குப் போவார்கள். பதினைந்து மைல் தள்ளிப் பிறந்தவளுக்கு இது கூடவா தெரியாது? வள்ளம் கரையில் கிடக்கும், பெட்டி சாவகாசமாக ஏற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு, அந்த யோசனைக்காகத் தன்னையே மெச்சிக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் கரைக்கு வந்ததும் எல்லாரும் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பெட்டியும் செத்துக் கிடந்தன. திங்கட்கிழமை விடியுமுன் பேட்டரி மாட்டியதும் பேக்கேஜ் இறங்கியது. அடுத்த தடவை சுவிட்சைப் போடும்போது ஏற்றிக்கொள்ளலாமென்று காத்திருந்தது. அந்த அடுத்த தடவைதான் மெல்வினின் இடது கை.

மேலாளர் ராஜதுரை நல்ல மனிதர்தான், பழி மட்டும் தன் பக்கம் வரக் கூடாது. “விரல் போனது கயித்துல, நம்ம பொட்டியால இல்ல. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோம்மா. பேட்டரியக் கழத்துனது அவங்க தப்புன்னு ரிப்போர்ட்ல எழுதிரு.”

“போனது தலப்பாகை இல்ல சார், விரல்” என்றாள். “பேட்டரி அவங்களோடது, கழத்தத்தான் செய்வாங்க. வரிசை நான் போட்டது. அப்படித்தான் எழுதுவேன்.” அப்படியே எழுதினாள். ராஜதுரை அதை இரண்டு நாள் மேசையிலேயே போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் அந்த ரிப்போர்ட்டின் கீழ் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மூன்று வாரத்துக்குள் சரிசெய்யச் சொன்னார்.

வரிசையைத் தலைகீழாகப் புரட்டினாள். சிவப்புப் பொத்தானுக்கான நிரலை மட்டும் தனியே ஒரு மூலையில் வைத்து, எந்தப் புதிய பேக்கேஜும் அதன் மேல் எழுத முடியாதபடி பூட்டினாள். மின்சாரம் வந்ததும் அதுதான் முதலில் எழும். மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வரலாம், வராமலும் போகலாம். புதியது வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் ஏறும். பாதியில் பேட்டரி போனால் பழையதே எழும். கம்பெனியின் சின்னம் கடைசிக்குப் போனது. ‘காத்திருக்கவும்’ என்ற வரியைக் குரலிலிருந்தே அழித்தாள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி இருநூறு தடவை சோதித்தாள்.

மூன்றாம் வாரச் சனிக்கிழமை சாயங்காலம் ரோச்சின் பெட்டியை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனாள். கரையில் ஆளுக்கொரு பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு சனிக்கிழமை இங்கே வந்து நின்றிருந்தால் போதுமே என்று நினைத்தாள்.

ரோச் தன் பேட்டரியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “எனக்குக் காட்ட வேண்டாம்மா. அவன் சரின்னா எனக்கும் சரி” என்று தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மெல்வின் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். வலது கையில் கட்டு.

“இப்ப மாத்தியிருக்கேண்ணே. பேட்டரிய மாட்டுனதும்…” என்று தொடங்கினாள்.

மெல்வின் நிமிர்ந்து பார்த்தான். “இந்தக் கொரலுதான்.”

ஸஹ்லா பெட்டியை நீட்டினாள். அவன் பெட்டியை வாங்கி மடியில் வைத்து, அண்ணன் இறக்கிய பேட்டரியில் இடது கையால் ஒயரை மாட்டினான். மாட்டியதும் உரக்க எண்ணத் தொடங்கினான். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

பச்சை விளக்கு எரிந்தது. “பொத்தான் தயார்” என்றது பெட்டி.

“அன்னைக்கும் எண்ணுனேன்” என்றான் மெல்வின். “மயங்கிரக் கூடாதுன்னு அண்ணன் எண்ணச் சொன்னாரு. நூறு, எரநூறு, முந்நூறு. அறுநூறு வரைக்கும் தெரியும். பெறவு தெரியல. நீங்க மட்டும் காத்திருக்கச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க.”

“தப்பு என்னோடதுண்ணே” என்றாள். “மன்னிச்சிருங்க.”

மெல்வின் ஒயரைப் பிடுங்கினான். மறுபடி மாட்டினான். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” பச்சை. மறுபடி பிடுங்கினான். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். ரோச்சும் ஸஹ்லாவும் நின்றபடியே இருந்தார்கள். ஒரு தடவைகூட ஐந்து என்று சொல்ல வேண்டி வரவில்லை.

கடைசியில் பெட்டியை அண்ணனிடம் நீட்டினான்.

“வள்ளத்துல மாட்டு. இடப்பக்கமா மாட்டு, எனக்கு எட்டணும்.”