என் இன்ஜினில் செடி எண்ணெய்

விதையிலிருந்து எடுத்துப் பக்குவம் செய்த எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடும் என்று, மகளோடு லீவுக்கு வந்திருந்த என் மாப்பிள்ளை சொன்னார். நான் நம்பவில்லை. என்னிடம் இருப்பது ஒரே இன்ஜின். மாவு மில்லைச் சுற்றுவது அதுதான். மில்லை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று மகளும் அவரும் வெகுநாளாக நச்சரிக்கிறார்கள். இன்ஜினைக் கெடுத்துவிட்டால் காரியம் சுலபமாயிற்றே!

"மாமா, பம்புக்கு அடியில ஒரு தகடு கூட வைக்கிறேன். இந்த எண்ணெய் சீக்கிரம் பத்திக்கும். கொஞ்சம் தாமதமா உள்ள விடணும்."

"இத்தனை வருஷம் சரியான நேரத்துலதானே குடிச்சுது?"

"குடிக்கிற எண்ணெயே மாறிடுச்சே மாமா."

பேச்சுக்குக் குறைச்சலில்லை. மகளுக்காக விட்டுக்கொடுத்தேன்; தகட்டை வைத்து, டேங்கில் அவர் எண்ணெயை ஊற்றினார். இன்ஜின் ஓடியது. கரும்புகை இல்லை, தடதடப்பும் அடங்கியிருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. எப்போதும் கத்துகிறவன் திடீரென்று அடக்கமாகப் பேசினால் யாருக்குத்தான் பயம் வராது?

அடுத்த வாரம் அரைத்துக்கொண்டிருக்கும்போதே திணறி நின்றது. ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே கறுப்புக் களி.

"பாருங்க மாப்ளே, உங்க எண்ணெய் கக்கின லட்சணத்தை!"

"எண்ணெய் சுத்தம்தான் மாமா. உங்க டேங்க்ல படிஞ்சு கிடந்த டீசல் கசடு இது. எண்ணெய் கரைச்சு இழுத்துட்டு வந்திருக்கு."

"ஆமா, அழுக்கு எப்பவும் மாமனார் வீட்டுதுதான்!"

"அப்பா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்" என்றாள் மகள். அவளும் அந்தப் பக்கம்தான்.

டேங்கின் அடியில் கசடைச் சுரண்டி இரண்டு பாட்டிலில் போட்டேன். ஒன்றில் டீசல், மற்றதில் அவருடைய எண்ணெய். காலையில் பார்த்தால் டீசலில் கட்டி அப்படியே கிடந்தது. எண்ணெயில் கட்டியைக் காணோம். மை மாதிரி கறுத்திருந்தது.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கசடையே கரைத்தது வேறெதை விட்டுவைக்கும்? டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போனேன். ரப்பர் ஹோஸ் ஊறி உப்பி, வியர்த்துப்போயிருந்தது. நகத்தை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கியது. கீழே சூடான புகைக்குழாய். ஹோஸ் பிய்த்துக்கொண்டிருந்தால் மில்லே எரிந்திருக்கும்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இதை நான் யோசிக்கல மாமா."

"யோசிக்கலையா, சொல்லலையா?"

"சத்தியமா யோசிக்கல. தகட்டை எடுத்துடறேன். பழைய டீசலுக்கே போயிடலாம்."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு தகட்டைக் கழற்றக் குனிந்தார். கெடுக்க வந்தவன் தன் வேலையைத் தானே கழற்றிப் போட மாட்டான்.

"தகடு இருக்கட்டும். ஹோஸை மாத்துங்க" என்றேன்.

டேங்கைக் கழுவி, ஹோஸ் இருந்த இடத்தில் இரும்புக் குழாய் போட்டோம். சாயங்காலம் மில் முழுச் சுமையில் ஓடியது. எங்கே மூக்கை வைத்தாலும் கசிவு வாடை இல்லை.

"இப்பவாவது நம்பிக்கை வந்துச்சாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இன்ஜின் மேல வந்துடுச்சு."

மாப்பிள்ளை சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.