அரிச்சல்முனையில் கேட்டது

ராணுவத்தில் இருக்கும் வல்லரசு இந்த முறை லீவில் சொந்த ஊரான மம்சாபுரம் வந்து இறங்கியதும் செய்த முதல் காரியம், ராஜபாளையத்தில் தாய்வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் போட்டதுதான். வெங்கடேஸ்வரி அவனை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் குடிப்பவனும் இல்லை, கை நீட்டுபவனும் இல்லை. முகாமிலிருந்து கூப்பிடும்போது லைன் பிஸியாக இருந்தால், "இம்புட்டு நேரம் யார்கிட்ட பேசுன?" என்று ஆரம்பிப்பான். பால்காரர், வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், பிள்ளையின் டியூசன் வாத்தியார் என்று சந்தேகம் ஆள் மாறி ஆள் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், ஒருநாள் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது பேண்டேஜ் துணி தயாரிக்கும் மில் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள்.

"நான் மாறிட்டேன்டி," என்றான் போனில். "பிள்ளைகள ராமேஸ்வரத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். நீயும் வா. ஒரே ஒரு நாளு."

 "உங்க மகன் தனுஷ் கடலு கடலுன்னு உசுர எடுக்கான். அவனுக்காக வாரேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினார்கள். கார் அவனுடைய சினேகிதன் கருத்தப்பாண்டியுடையது; ஓட்டியதும் அவன்தான். நாலு வயது நாச்சியாருக்கு அப்பா என்றால் போனில் தெரியும் முகம். பரமக்குடி வரைக்கும் அம்மாவின் முந்தானைக்குள்ளேயே ஒளிந்திருந்தவள், அங்கே காலைச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது அவன் கையிலிருந்து ஒரு வடையை வாங்கிக்கொண்டாள். பாம்பன் பாலத்தில் ஏறியபோது அவன் மடியில் நின்று, ஜன்னலில் மூக்கை அழுத்தி, "இம்புட்டுத் தண்ணியும் யாரு ஊத்துனா?" என்று கேட்டாள்.

தனுஷுக்கு எட்டு வயது. தனுஷ்கோடி என்ற போர்டைப் பார்த்ததும் எம்பிக் குதித்தான். "என் பேருல ஊரா! அப்பா, எனக்காகவா வச்சாங்க?"

"பொறவு? கலெக்டர் உன்னக் கேட்டுத்தானே வச்சாரு," என்றான் வல்லரசு. பையன் நம்பாமல் சிரித்தான்.

அரிச்சல்முனையில் சாலை முடிந்து மணல் தொடங்கியது. ஒரு பக்கம் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. மறுபக்கம் அலை ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்தது.

"இது பெண்கடலு மதினி, அங்கிட்டு ஆண்கடலு," என்று கருத்தப்பாண்டி கைகாட்டினான்.

"அதான் அங்கிட்டு வீண் சத்தமா இருக்கு," என்றாள் வெங்கடேஸ்வரி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். வல்லரசுவும் சிரித்தான். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அமைதியான பக்கம் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். நாச்சியார் தண்ணீரை நக்கிப் பார்த்து முகம் சுளித்தாள். தனுஷ் ஒரு நண்டைத் துரத்தி, அது திரும்பி நின்றதும் அலறிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். வெங்கடேஸ்வரி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நின்றிருந்தாள். எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்கி, அவனைப் பார்த்தே, "பையில துண்டு இருக்கு, எடுத்துத் தாங்க. பிள்ள நடுங்குது," என்றாள்.

அவன் காருக்குப் போய்ப் பையைத் திறந்தான். துண்டுக்கு அடியில் பிள்ளைகளின் பள்ளி யூனிஃபார்ம் தேய்த்து மடித்து வைத்திருந்தது. பக்கத்திலேயே ஷூவும் சாக்ஸும். நாளைக்குத் திங்கள்கிழமை. இன்று ராத்திரி மம்சாபுரத்தில் தங்கி, அங்கிருந்தே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறாள்.  பையை மூடினான். துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான், ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவளுக்கு உடை மாற்ற, அவளைத் தூக்கிக்கொண்டு வெங்கடேஸ்வரி மீன் பொரிக்கும் கொட்டகைப் பக்கம் போனாள். அப்பாவும் மகனும் கரையோரமாகச் சிப்பி பொறுக்கிக்கொண்டு நடந்தார்கள். தனுஷ் வாய் ஓயாமல் பேசினான். புது மிஸ்ஸைப் பற்றி, அம்மாச்சி வீட்டுப் பூனையைப் பற்றி.

"மழை பெஞ்சா ஆட்டோ வராதுப்பா. சாம்சன் மாமாதான் பைக்ல கொண்டாந்து விடுவாங்க. அவிய ஹாரன் அடிக்க விடுவாங்க."

வல்லரசு குனிந்தபடியே இருந்தான். "யாருலே சாம்சன்?"

"அம்மா மில்லுல இருக்காங்க."

"வீட்டுக்குள்ள வருவாரா?"

"ம். காபி குடிப்பாங்க."

"அம்மாச்சி இருக்கையிலயா, இல்லாதப்பயா?"

பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா அவருகிட்ட சிரிச்சுப் பேசுவாளா? ஏலே, உன்னத்தான கேக்கேன்."

"தெரியலப்பா."

"சொல்லு. சைக்கிள் வாங்கித் தாரேன்."

 தனுஷின் கை தளர்ந்து சிப்பிகள் மணலில் விழுந்தன. அவற்றை அவன் எடுக்கவும் இல்லை.

"சரி சரி. நான் கேட்டத அம்மாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?"

கொட்டகையில் சுடச்சுட மீன் வந்தது. தனுஷ் தொடவில்லை. வெங்கடேஸ்வரி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெயிலு ஒத்துக்கல போல," என்றான் வல்லரசு.

"என்னய்யா, வயிறு வலிக்கா?" என்று அவள் மறுபடி கேட்டதும் பையன் உடைந்துவிட்டான்.

"நான் எதுவும் சொல்லலம்மா. அப்பா கேட்டாங்க. நான் எதுவுமே சொல்லல."

நாச்சியாருக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. கருத்தப்பாண்டி, "வண்டியப் பாத்துட்டு வாரேன்," என்று எழுந்து போனான்.

"யாரப் பத்திக் கேட்டீங்க?"

"சும்மா, பேச்சுவாக்குலதான்."

"யாரப் பத்தி?"

"சாம்சன்னு ஒருத்தன்…"

அவள் மகனின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். "என்கிட்ட கேட்டீங்க, வருஷக்கணக்கா பதில் சொன்னேன். இப்பப் பிள்ளைகிட்டப் போயிட்டீங்க."

"அவன் யாருன்னு மட்டும் சொல்லிரு. இதோட விட்டுருதேன்."

"சொல்ல மாட்டேன். சொன்னா இன்னைக்கு நம்புவீங்க. நாளைக்கு இன்னொரு பேரு வரும்."

"பையில யூனிஃபார்ம் இருந்ததப் பாத்தேன், வெங்கடேசு…"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "பாத்துட்டுமா கேட்டீங்க?"



காரில் ஏறித் திரும்பினார்கள். ஒன்றும் அறியாத நாச்சியார் அப்பா மடி வேண்டும் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டாள். தலைமுடியெல்லாம் உப்பும் மணலுமாக அவன் நெஞ்சிலேயே தூங்கிப்போனாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் வந்ததும் வெங்கடேஸ்வரி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"ராஜபாளையத்துக்கே கொண்டு விட்டுருதேன் மதினி," என்றான் கருத்தப்பாண்டி.

"வேணாம் தம்பி. பஸ்ஸு நெறைய இருக்கு."

அவள் குழந்தையைத் தூக்கியபோது, அது தூக்கத்திலேயே சிணுங்கி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். தனுஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நடந்தான்.

அதன் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. லீவு முடிவதற்குள் ஒருநாள் வல்லரசு ராஜபாளையம் போய், மில்லுக்கு எதிரே டீக்கடையில் நின்று, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் சாம்சன் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று தெரிந்தேதான் பார்த்தான். அவன் முகாமுக்குத் திரும்பிய சில வாரங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவள் விவாகரத்துக்கு மனுப் போட்டாள். கேஸ் முடியும்வரை வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு போனில் பேசலாம் என்று உத்தரவானது.

முதல் வாரம் நாச்சியார் போனைப் பிடுங்கி, எப்போது கடலுக்குப் போவோம் என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். தனுஷ் போனை வாங்கினான்.

"சாப்ட்டியாய்யா?"

"சாப்ட்டேன்."

"பரீட்சையெல்லாம் எப்படி?"

"நல்லாருக்கு."

வல்லரசு அடுத்து என்ன பேசலாம் என்று யோசித்தான். அந்த இடைவெளியில் பையன் அவசரமாகச் சொன்னான்: "பக்கத்துல யாரும் இல்லப்பா. அம்மாச்சி மட்டுந்தான் இருக்காங்க."

"நான் அதக் கேக்கலையேய்யா."

 பையன், பெரிய மனிதர்களிடம் பேசுவதுபோல மரியாதையாக, "சரிப்பா, வச்சிரட்டுமா?" என்றான்.