வடக்கே போன சடங்கு வீடு

"இப்ப திருப்பினாலும் நாளைக்குக் காலமை சடங்கு ஹோலுக்குப் போய்ச் சேரலாம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

விடிந்ததிலிருந்து இதைப் புருஷன் எத்தனை தரம் சொல்லிவிட்டார் என்று தவமணி எண்ணவில்லை. எண்ணினால் கோபம் வரும். கோபத்தோடு இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டக்கூடாது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் என்று ஒரு வீட்டையே சில்லுக்கு மேல் தூக்கி வைத்த ஆர்.வி. அது. மிசிசாகாவில் வாடகைக்கு எடுத்து வந்து ஸ்காபரோ மல்வேர்னில் தங்கள் ரவுண்ஹவுஸ் வாசலில் அவள் நிறுத்தியபோது, எதிர்வீட்டுப் பேபி அன்ரி பாதித் தலை இழுத்தபடி சீப்போடு ஓடிவந்து, "உதை ஆர் ஓடப்போகினம்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஆறு வருஷமாக மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓடுகிறவளிடம், பின்சீற்றில் சண்டை பிடிக்கிற நாற்பது பிள்ளைகளைப் பனிக்குள் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்குகிறவளிடம், கேட்கிற கேள்வியா அது?

நெடுஞ்சாலை காட்டுக்குள் புகுந்து, ஏறி, சடாரென்று திரும்பியது. இடப்பக்கம் முழுவதும் சுப்பீரியர் ஏரி. ஏரி என்கிறார்கள், அக்கரை தெரியாத தண்ணீரைக் கடல் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்? மகள் துர்க்கா பின்னால் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவை விட்டு வெளிக்கிட்ட நேரம் முதல் அவள் பேசியது சொற்பம். ஆனால் நேற்றிரவு சூ செயின்ற் மேரியில் இரண்டு பிளேட் சோறு சாப்பிட்டாள். தவமணிக்கு அது போதுமாக இருந்தது.

யூன் மாதம் துர்க்கா சாமத்தியப்பட்டாள், பெரியபிள்ளையாகிவிட்டாள். குளியலறைக் கதவைப் பாதி திறந்து, "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றாள். தவமணி புருஷனுக்கு மட்டும் சொன்னாள். புருஷன் தன் அக்காவுக்கு மட்டும் சொன்னார். அந்த அக்கா நாகேஸ்வரி ஸ்காபரோவில் ஒருவரையும் மிச்சம் விடவில்லை. அடுத்த கிழமையே சடங்குக்குக் கலியாண ஹோல் ஒன்று பதிவாகியது. தாமரைப்பூ ஒன்று விரியுமாம், அதற்குள் இருந்து பிள்ளை எழும்பி வருவாளாம், இரண்டு வீடியோக்காரர் பிடிப்பார்களாம். துர்க்கா மாட்டேன் என்றாள். தன்னோடு படிக்கிற பெடியன்களின் தாய் தகப்பனும் வருவார்கள், செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே முழுக்கக் கதை பரவும், தனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றாள். தவமணியும் மாட்டேன் என்றாள். மச்சாள் நாகேஸ்வரியிடம் நேரே போய்ச் சொன்னாள். மச்சாள் வடையைத் தட்டில் வைத்து, "உமக்கு அலுப்பெண்டால் நீர் சும்மா இரும், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள். தாய் ஒருத்தி வேண்டாம் என்றது வெறும் அலுப்பாம்.

தவமணிக்கும் பதின்மூன்று வயதில் சடங்கு செய்தார்கள். மணவறையில் இருத்தி, ஆரத்தி எடுத்து, வந்தவர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். அடுத்த நாளே அவளுடைய சைக்கிளைத் தூக்கி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் சடங்குக்கு இரண்டு நாள் இருக்க, பிள்ளையையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வண்டியை வடக்கே விட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா ஏறியது பயணத்துக்காக அல்ல. வழியில் எங்காவது கதைத்துத் திருப்பிவிடலாம் என்றுதான். அவரைப் பிழை சொல்லவும் முடியாது. நாகேஸ்வரி அக்காதான் அவரை வளர்த்தவள், இவர்களை ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுத்தவள். அவளைச் சபையில் அவமானப்படுத்தினால் ஆயுசுக்கும் முகம் பார்க்கமாட்டாள்.

மதியம் ஏரிக்கரையில், இப்படி வண்டிகள் தங்குகிற ஒரு பார்க்கில் வண்டியை நிறுத்தினாள். கரண்ட் வயரைக் குத்தி, தண்ணீர்க் குழாயைப் பூட்டி, பக்கவாட்டுப் பந்தலை இழுத்து விரித்தாள்.

"சாப்பிட்டிட்டுத் திருப்புவம்," என்றார் அவர்.

"சாப்பிட்டிட்டுக் கதைப்பம்," என்றாள் அவள்.

சமையலைத் தானே செய்கிறேன் என்று அவர் எழும்பினார். மனிசியைக் குளிர்விக்கிற எண்ணம். கனடாச் சாப்பாடு வாய்க்கு வராதென்று வீட்டில் இருந்தே கட்டாக் கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே பொரித்தால் வண்டி மணக்கும், வாடகைக்காரன் பேசுவான் என்று வெளி மேசையில் அடுப்பை வைத்து, எண்ணெயைக் கொதிக்கவிட்டு, துண்டு துண்டாகப் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வாசம். காடு முழுக்கப் போயிருக்கும். பார்க் வாசலில் கொடுத்த கடதாசியில் சாப்பாட்டு மணம் வெளியே போகவிடாதீர்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. அதை மடித்து அடுப்பு ஆடாமல் இருக்க ஒரு காலுக்குக் கீழே வைத்தவரும் அவர்தான்.

முதலில் கண்டது, வண்டி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த துர்க்கா. "அப்பா, டோன்ற் ரன். மெல்ல வாங்கோ," என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். மரங்களுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கரடி, விருந்துக்கு வந்த சம்பந்தியைப் போல ஆறுதலாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை சொன்னது அவர் காதில் விழவில்லை. அகப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், மனுஷன் வண்டிக்குள் பாய்ந்த பாய்ச்சலில் தவமணி தடுமாறிக் கட்டிலில் விழுந்தாள். கதவைச் சாத்தினார்கள். கரடி மேசையைத் தட்டிக் கவிழ்த்தது. கவிழ்ந்ததில் அடுப்பு அணைந்தது, அது அவர்களுடைய அதிர்ஷ்டம். சிந்தினது ஆறும் வரை கரடி பொறுமையாகக் காத்திருந்து, கருவாட்டை ஒவ்வொன்றாகத் தின்று, எண்ணெய்த் தாச்சியையும் நக்கி, பந்தல் நிழலில் படுத்துவிட்டது.

"வண்டியை எடும்," என்றார் அவர், மூச்சு வாங்க. "இப்பிடியே ஸ்காபரோவுக்கு விடும்."

"எடுக்கலாம். வயர் குத்தியிருக்கு, பைப் பூட்டியிருக்கு, பந்தல் விரிச்சிருக்கு. நீங்கள் இறங்கிக் கழட்டிவிடுங்கோ, நான் எடுக்கிறன்."

அவர் யன்னலால் பார்த்தார். கரடி கொட்டாவி விட்டது. துர்க்கா தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தவமணி பதறிப்போய்த் தலையணையை இழுத்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். யூன் மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரிக்கிறாள். அதைக் கண்டதும் தவமணிக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் தன் கருவாட்டைத் தின்றுவிட்டுத் தன்னையே மறித்துப் படுத்திருக்கிற பிராணியைப் பார்த்து, அவர் முகத்திலும் ஏதோ ஒன்று இளகியது. கோர்ண் அடித்தார்கள், கரடி காதை மட்டும் ஆட்டியது. வெயில் சாயும்போதுதான் காட்டைக் காவல் பார்க்கிற ரேஞ்சர் ஒருத்தி ட்ரக்கில் வந்து, பெரிய சத்தம் வைத்து அதைக் கலைத்தாள். கலைத்துவிட்டு, பிள்ளைக்கு முன்னால் இவருக்கு நன்றாக ஏச்சுக் கொடுத்தாள். அவர் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

இனி வெளிக்கிட்டால் இருட்டும். இருட்டில் மூஸ் என்கிற மாட்டுப் பருமன் மான் குறுக்கே வரும், அது அடித்தால் வண்டியும் மிஞ்சாது ஆட்களும் மிஞ்சாது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டுப் போனாள். ஸ்ரீஸ்கந்தராசா கோலிங் கார்ட்டை எடுத்துக்கொண்டு பார்க் வாசலில் இருந்த ரெலிபோன் பூத்துக்கு நடந்தார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா ஒரு வழி சொல்லுறா," என்றார். "பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்பளம் எண்டு சனத்துக்குச் சொல்லப்போறாவாம். ஹோலில சாப்பாடு குடுக்கிறாவாம். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு நாங்கள் இஞ்ச பிள்ளைக்குத் தலையில தண்ணியை வாத்துப்போட்டு, வாத்தாச்சு எண்டு ஹோலுக்குப் போன் எடுத்தால் போதுமாம். தண்ணி வாத்தால் சடங்கு முடிஞ்ச கணக்காம், அவ மைக்கில அறிவிப்பாவாம்."

"இல்லை," என்றாள் தவமணி.

"ஒரு சட்டித் தண்ணி, தவம். ஆரும் பாக்கப்போறதில்லை."

"ஒரு சொட்டும் இல்லை."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் பேசாமல் இருந்து காரியம் பார்க்கிற ஆள் அவர் என்பது கட்டின நாள் முதல் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை தவமணி தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். துர்க்கா வெளியே போய், ஏரிக்கரைப் பாறையில் இருந்து கல்லெறிந்துகொண்டிருந்தாள். வண்டிக்குள் சருவச்சட்டியைக் காணவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்தாகப் போகிறது. கதவைத் திறந்தால், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் சட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறார். கத்தினால் காடெல்லாம் கேட்கும்படி கத்தியிருப்பாள். கத்தவில்லை. வெறுங்காலோடு கூழாங்கல்லில் இறங்கி நடந்தாள். இதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் செய்ய இந்த மனுஷனால் முடியுமா என்று பார்த்துவிட வேண்டும்.

துர்க்கா திரும்பினாள். சட்டியைப் பார்த்தாள். "அது என்னத்துக்கு, அப்பா?"

கைகால் கழுவ என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "உன்ர தலையில வாக்க. மாமி சொன்னவ."

பிள்ளை எழும்பி நின்றாள். ஓடவும் இல்லை, அழவும் இல்லை. "அம்மாட்டயும் சொன்னனான், உங்களிட்டயும் சொன்னனான். ஐ செட் நோ. உங்களுக்குக் கேக்கேல்லையோ, இல்லாட்டிக் கேட்டும் பரவாயில்லை எண்டு நினைச்சனீங்களோ?"

தவமணியின் பதின்மூன்று வயதில் இப்படி ஒரு கேள்வி வாயில் இருந்து வந்திருந்தால் பல்லு உதிர்ந்திருக்கும். அவர் சட்டியைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் விளிம்பால் வழிந்து அவர் காலில் கொட்டியது. ஓகஸ்ட் மாதத்திலும் விறைக்கிற தண்ணீர். "கேட்டதுதான்," என்றார். சட்டியைத் தூக்கினார். தவமணி ஓரடி முன்னுக்கு வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு தண்ணீரையும் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா," என்று குளிரில் துள்ளினார். பல்லுக் கிடுகிடுத்தது. "வாத்தாச்சு. இனி அக்காவுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை. தண்ணி வாத்தாச்சு எண்டு சொல்லலாம் தானே?"

துர்க்கா சிரித்துவிட்டாள். தவமணிக்கும் சிரிப்பு வாய் வரை வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஒருவருக்கும் நோகாது, மச்சாளின் மானமும் காப்பாற்றப்படும், மத்தியானம் சமைத்துச் சாப்பிடலாம். இப்படி நோகாமல் நோகாமல் விட்டுத்தான் தன் காலம் முழுக்கப் போயிற்று என்று அவளுக்கு நெஞ்சுக்குள் இருந்து கிளம்பியது. இன்றைக்கு மைக்கில் அறிவித்துவிட்டால், பிறகு ஸ்காபரோவில் துர்க்காவுக்குச் சடங்கு நடந்தது என்பதுதான் கதை. அவள் மாட்டேன் என்றதை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"பிள்ளைக்கு வருத்தமுமில்லை, தண்ணி வாக்கவுமில்லை. பிள்ளை மாட்டன் எண்டது, நாங்கள் கேட்டனாங்கள். இவ்வளவுந்தான். இதை மைக்கில சொல்லச் சொல்லுங்கோ."

"சபையில அக்கா தலை குனிஞ்சு நிக்கப்போறா, தவம். என்னை வளத்தவ. பிறகு எங்கட செத்தவீட்டுக்கும் வரமாட்டா."

"தெரியும்," என்றாள் தவமணி. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்தது. தைப்பொங்கலுக்குப் போக ஒரு வீடு இல்லாமல் போகும். பனியில் கார் நின்றால் கூப்பிட ஆள் இல்லாமல் போகும். "தெரிஞ்சுதான் சொல்லுறன்."

ஸ்ரீஸ்கந்தராசா சட்டியைப் பாறையில் வைத்தார். சேட்டில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பார்க் வாசலை நோக்கி நடந்தார். நனைந்த வேட்டி காலில் சுற்றிச் சுற்றித் தடுக்கியது.

தவமணி வயரைக் கழற்றினாள், குழாயைச் சுருட்டினாள், பந்தலை மடித்தாள். குழாயை இரண்டு தரம் பிழையாகச் சுருட்டினாள். துர்க்காவைப் பக்கத்துச் சீற்றில் ஏற்றிக்கொண்டு வண்டியை மெல்ல வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணாடிப் பூத்துக்குள் அவர் கதைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை. ஒரு தரம் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். போனைக் காதில் இருந்து எட்டப் பிடித்தார், திரும்பவும் காதில் வைத்தார். குனிந்து நிற்கவில்லை, போனை வைக்கவும் இல்லை. பூத்துக் கண்ணாடி அவருடைய ஈரத்தில் ஆவி படிந்து, ஆள் பாதி மறைந்துபோனார்.

கதவு திறந்தது. போனை வயர் போகும் மட்டும் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "துர்க்காவோட கதைக்கோணுமாம்," என்றார். "உனக்கு விருப்பமெண்டால் மட்டும் வா, பிள்ளை."

தவமணி சீற் பெல்ற்றைக் கழற்றிவிட்டு எழும்பப் போனாள். "நோ அம்மா, நீங்கள் இருங்கோ," என்று துர்க்கா இறங்கினாள். தலை இழுக்கவில்லை, கால்சட்டை எல்லாம் மண். தகப்பன் முதுகால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். அவள் போனை வாங்கி, நனைந்திருந்த வாய்ப்பக்கத்தைச் சேட்டில் துடைத்தாள்.

"ஓம் மாமி, துர்க்காதான்," என்றாள். "மைக்குக்குக் கிட்டப் போனைப் பிடியுங்கோ. நானே சொல்லுறன்."